நடுவில் நிற்கும் ஒலி: ஜோடி கண்டென்சர் மைக்குகளுடன் சில வருடங்கள்

ஒரே பெட்டியில் ‘மேட்ச்டு பேர்’ என்று வரும் இரண்டு சிறு டயாஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் மெல்லிய சவ்வு) கண்டென்சர் மைக்குகளை வைத்துச் சில வருடங்களாக வாத்தியங்களைப் பதிவு செய்து வருகிறேன். இரண்டும் கார்டியாய்டு, அதாவது முன்னால் வரும் ஒலியை நன்றாகவும் பின்னால் வருவதை மிகக் குறைவாகவும் எடுப்பவை. கிடார்தான் அதிகம், வீணை, வயலின், மிருதங்கம், பியானோ அவ்வப்போது, டிரம்ஸ் எப்போதாவது. வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் விமர்சனங்களில் ஒலி தெளிவாக இருக்கிறது, அகலமாக இருக்கிறது என்பதைத் தாண்டி அதிகம் இருக்காது. அகலம் எந்த இரண்டு மைக்கை வைத்தாலும் வரும். புழங்கப் புழங்க எனக்குப் பிடித்துப்போனது வேறொன்று: நடுவில் இருக்க வேண்டிய ஒலி நடுவிலேயே நிற்கிறது. வாசிப்பவர் மேல் ஸ்தாயிக்குப் போனாலும் கீழே இறங்கினாலும் வாத்தியம் இடம் மாறுவதில்லை. ஜோடி என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

ஜோடி சேர்க்கும்போது தொழிற்சாலையில் முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று சென்சிடிவிட்டி, அதாவது ஒரே அளவு சத்தத்துக்கு இரண்டும் ஒரே அளவு சிக்னல் தருகின்றனவா என்பது. இன்னொன்று ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ். கீழிருந்து மேல் வரை இரண்டின் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறதா என்பது. முதலாவதில் கொஞ்சம் முன்பின் இருந்தால் கவலை இல்லை, கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, திருகிச் சமன் செய்துவிடலாம். இரண்டாவதுதான் வம்பு. ஒரு மைக் மட்டும் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் தூக்கலாக இருந்தால் கெயினால் ஒன்றும் செய்ய முடியாது.

2 டெசிபல் பெரிய விஷயமா என்று தோன்றும். எக்ஸ்-ஒய் முறையை, அதாவது இரண்டு மைக்கின் தலையையும் ஒரே இடத்தில் குறுக்காக வைப்பதை, எடுத்துக் கணக்குப் போட்டால் புரியும். கார்டியாய்டு மைக், தனக்குப் பக்கவாட்டில் 90 டிகிரியில் வரும் ஒலியை 6 டெசிபல் குறைத்தே எடுக்கும். இரண்டு மைக்கும் 90 டிகிரியில் குறுக்காக நிற்கும்போது, ஒரு மைக்குக்கு நேர் எதிரே இருக்கும் வாத்தியத்துக்கு இரண்டு சேனலுக்கும் இடையே கிடைக்கும் வித்தியாசமே அந்த 6 டெசிபல்தான். இடது, வலது என்று நாம் கேட்கும் சித்திரம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அதில் 2 டெசிபலை மைக்கே தின்றுவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. கிடாரில் விரல் கம்பியில் உரசும் சத்தம் ஒரு பக்கமும், கிடாரின் உடம்பு இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து கேட்கும். வண்டியில் பூட்டிய இரண்டு மாட்டில் ஒன்று மேட்டில் மட்டும் வேகமாக இழுத்தால் வண்டி எப்படிக் கோணுமோ, அப்படித்தான்.

பெட்டிக்குள் வரும் அச்சடித்த கிராஃபை நம்பலாம். ஆனாலும் நாமே சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, வாங்கிய அன்றே செய்துவிடுவது நல்லது. இரண்டு மைக்கையும் ஒட்டினாற்போல் அருகருகே, ஒரே திசையைப் பார்க்க வைக்க வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி, இரண்டுக்கும் சரிசமமான தூரத்தில் ஒரு ஸ்பீக்கர். அதில் பிங்க் நாய்ஸ், அதாவது எல்லா ஸ்தாயியும் கலந்த சோதனை இரைச்சல். பதிவு செய்து, ஒரு டிராக்கின் பொலாரிட்டியை (அலையின் மேடு பள்ளத்தை) தலைகீழாகத் திருப்பி, இரண்டையும் நடுவில் சேர்த்துக் கேட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சத்தம் படுத்துவிடும். எவ்வளவு ஆழமாகப் படுக்கிறதோ அவ்வளவு நல்ல ஜோடி. 1 டெசிபல் வித்தியாசம் இருந்தாலே சுமார் 19 டெசிபலுக்கு மேல் குறையாது. அரை டெசிபல் என்றால் 25 வரை போகும். அறைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி இரண்டு மைக்குக்கும் ஒரே மாதிரி வராது என்பதால் உச்ச ஸ்வரங்களில் கொஞ்சம் ‘ஸ்ஸ்’ மிச்சமிருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். சோதனை சரியாக வரவில்லை என்றால் உடனே மைக்கைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. கேபிளை மாற்றிக் குத்திவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் உள்ள கெயின் குமிழ்கள் இரண்டையும் ஒரே புள்ளியில் வைத்தாலும் உண்மையில் ஒரே கெயின் கிடைப்பது அபூர்வம்.

இந்தச் சோதனையை அவ்வப்போது திரும்பச் செய்கிறேன். இன்றும் புதிதில் படுத்த அளவுக்கே படுக்கிறது. ஒன்றை மட்டும் தனியாக எடுத்துப் பாட்டுக்கோ பேச்சுக்கோ வைப்பதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எச்சிலும் தூசும் ஒரு டயாஃப்ரத்தில் மட்டும் படிந்தால் ஜோடி ஜோடியாக இருக்காது. ஒரு மைக்கில் சிறு துண்டு டேப் ஒட்டி அதை எப்போதும் இடது பக்கத்துக்கு என்று வைத்துக்கொண்டால், பழைய பதிவோடு புதியதைச் சேர்க்கும்போதும் குழப்பம் இல்லை.

சரி, கிடாருக்கு வருவோம். பலரும் சவுண்ட்ஹோலுக்கு நேராக மைக்கை நீட்டுகிறார்கள். கிடாரின் உடம்புக்குள் உள்ள காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கம் அதிரும், அது அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வருகிறது. கார்டியாய்டு மைக் கிட்டே போகப் போகக் கீழ் ஸ்வரங்களை ஊதிப் பெருக்கும் பழக்கம் உள்ளது. இரண்டும் சேர்ந்தால் ‘பூம்’ என்ற ஒரு மூட்டம்தான் பதிவாகும். 12ஆவது ஃப்ரெட், அதாவது கழுத்து உடம்போடு சேரும் இடத்தின் பக்கம், 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி எக்ஸ்-ஒய்யில் வைத்தால் ஸ்ட்ரம்மிங்குக்குப் பிரமாதமாக இருக்கும். மற்ற வாத்தியங்களோடு கலக்கும் பாட்டென்றால் நான் இதைத் தாண்டிப் போவதே இல்லை.

தனிக் கிடார், விரல் வாசிப்பு என்றால் எனக்கு ஓஆர்டிஎஃப்தான். பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த அளவு: கேப்ஸ்யூல்களுக்கு (மைக்கில் ஒலியை வாங்கும் தலைப்பகுதி) நடுவே 17 சென்டிமீட்டர், கோணம் 110 டிகிரி. 17 சென்டிமீட்டரை ஒலி கடக்க அரை மில்லிசெகண்ட் ஆகும். நம் இரண்டு காதுக்கும் இடையே கிடைக்கும் நேர வித்தியாசமும் ஏறக்குறைய அந்த அளவுதான் என்பதால் ஹெட்போனில் கேட்கும்போது வாத்தியத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். கொஞ்சம் பின்னால், அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைக்க வேண்டும். கிட்டே வைத்தால் கிடார் அறை அகலத்துக்கு விரிந்து, நடுவில் ஓட்டை விழுந்துவிடும்.

ஒரு மைக் 12ஆவது ஃப்ரெட்டில், இன்னொன்று பிரிட்ஜ் பக்கம் என்று பிரித்து வைப்பதும் உண்டு. கேட்க ரொம்பப் பணக்காரத்தனமான ஒலி. ஆனால் இதில் தூரத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு மைக் இன்னொன்றைவிட 34 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் 1 மில்லிசெகண்ட் தாமதம். ஸ்டீரியோவில் தெரியாது. இரண்டையும் ஒரே சேனலாகச் சேர்த்து மோனோவாக்கினால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும், கிடார் தகர டப்பாவுக்குள் போன மாதிரி ஆகிவிடும். போன் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் எந்த முறையில் வைத்தாலும் வாசிப்பவரை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, மோனோ பட்டனை அழுத்திக் கேட்டுவிட்டுத்தான் ரெக்கார்டிங்கைத் தொடங்குகிறேன். உண்மையைச் சொன்னால், இப்படிப் பிரித்து வைப்பதற்கு ஜோடி மைக்கே தேவையில்லை. இரண்டு மைக்கும் கேட்பதே வெவ்வேறு ஒலி. அங்கே ஒரு டெசிபல் வித்தியாசத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குறுக்காக வைக்கும்போதும் ஓஆர்டிஎஃப்பிலும்தான் ஜோடி தன் வேலையைக் காட்டும்.

மிருதங்கம் தனிக் கதை. வலது முகமான வலந்தலைக்கு ஒன்று, இடது முகமான தொப்பிக்கு ஒன்று, ஒவ்வொன்றும் இருபது முப்பது சென்டிமீட்டர் தள்ளி. கார்டியாய்டின் முதுகு மற்ற வாத்தியத்தைப் பார்க்கும்படி கொஞ்சம் சாய்த்து வைத்தால் கசிவு குறையும். இதில் கேட்டே ஆக வேண்டியது பொலாரிட்டி. ஒரு பக்கத் தோலை அடித்தால் அது உள்ளே போகும், உள்ளே இருக்கும் காற்று எதிர்ப்பக்கத் தோலை வெளியே தள்ளும். ஒரு மைக்குக்கு இழுப்பு, இன்னொன்றுக்குத் தள்ளல். இரண்டையும் சேர்த்தால், தொப்பியில் கையை அழுத்தித் தேய்த்து எழுப்பும் கும்கி என்ற கனத்த ஒலி மெலிந்து போக வாய்ப்பு அதிகம். ஒரு டிராக்கைத் திருப்பிப் போட்டுக் கேட்டு, எதில் கும்கி வயிற்றில் வந்து நிற்கிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். வேவ்ஃபார்மைப் பார்த்து முடிவு செய்வதைவிடக் காதால் முடிவு செய்வது மேல். அப்புறம் இரண்டையும் முழுக்க இடது, வலது என்று தள்ளாதீர்கள். மிருதங்கம் அவ்வளவு நீளம் இல்லை!

வயலினுக்குக் கிட்டே போனால் வில்லின் சொரசொரப்புதான் கிடைக்கும். தலைக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே பார்க்க வைத்தால் மரத்தின் இனிமை வருகிறது. பியானோவில் மூடியைத் திறந்து கம்பிகளுக்கு மேலே. டிரம்ஸுக்கு ஓவர்ஹெட்டாக, அதாவது மேலேயிருந்து கீழே பார்க்க, வைக்கும்போது ஸ்னேர் என்ற டிரம்மின் நடுவிலிருந்து இரண்டு மைக்குக்கும் ஒரு கயிற்றால் தூரத்தை அளந்து சமமாக்கினால் போதும், ஸ்னேர் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும்.

வீணையில்தான் இந்த மைக்குகளின் எல்லை தெரிந்தது. சின்ன டயாஃப்ரத்தில் மைக்கின் சொந்த இரைச்சல் பெரிய டயாஃப்ரத்தைவிடப் பொதுவாகக் கொஞ்சம் அதிகம். என்னுடையதில் 16 டெசிபல். கிடாருக்கோ மிருதங்கத்துக்கோ இது கேட்கவே கேட்காது. ஆனால் வீணையில் ஒரு கமகம் தேய்ந்து அடங்கும்போது, கடைசி இழை காதிலிருந்து நழுவும் அந்த இடத்தில் மெல்லிய ‘ஹிஸ்’ எட்டிப் பார்க்கிறது. ஆலாபனையில் வாசிப்பவர் இடைவெளி விட்டு நிறுத்தும்போது அது உறுத்துகிறது. குடத்துக்கு மேலே 30 சென்டிமீட்டருக்குள் ஒன்று, மேளத்தின் (மெழுகில் பதித்த மெட்டுகள் உள்ள பகுதி) நடுப்பகுதியைப் பார்க்க இன்னொன்று என்று நெருங்கி வைத்துக் கெயினைக் குறைத்தால் சமாளிக்கலாம். மெல்லிய வாத்தியங்களை மட்டுமே பதிவு செய்கிறவர் என்றால் சொந்த இரைச்சல் இன்னும் குறைவான மைக்கைத் தேடுவது நல்லது. நியூமன் கேஎம் 184 போன்றவற்றில் அது 13 டெசிபல். 3 டெசிபல்தானே என்று தோன்றும், அந்த அமைதியான இடங்களில் அது தெரியும்.

அதைவிடப் பெரிய இரைச்சல் அறை. கண்டென்சர் எதையும் விடாது: மின்விசிறி, சுவர்க் கடிகாரம், வாசிப்பவரின் மூச்சு, தாளம் போடும் கால் தரையில் படுவது எல்லாம் வரும். கால் சத்தம் ஸ்டாண்ட் வழியாக ஏறி வருவதால் அதிர்வைத் தடுக்கும் ஷாக் மவுன்ட் என்ற பிடிப்பான் அவசியம். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் கிளிப் போதாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் கிடாரில் ஒன்றும் குறையாது. அதன் கடைசிக் கம்பியின் ஸ்வரமே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. இரண்டு மைக்கையும் ஒரே ஸ்டாண்டில் பொருத்தும் ஸ்டீரியோ பாரில் இரண்டும் சேர்ந்தால் கனம் கூடும். லேசான ஸ்டாண்ட் மெல்ல மெல்லத் தலை சாய்ந்துவிடும். ஸ்டாண்டில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இந்த மைக்குகள் இயங்க 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம், வேண்டும். இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சுவையான காரணம் உண்டு. 1966இல் நார்வே வானொலிக்காக நியூமன் செய்த மைக்குகளுக்கு, அங்கே அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே இருந்த 48 வோல்ட்டையே பயன்படுத்திக்கொண்டார்கள். அதுவே உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது. கேபிளைச் சொருகுவதும் உருவுவதும் ஃபேன்டத்தை அணைத்துவிட்டு, கெயினையும் இறக்கிவிட்டுச் செய்வதுதான் மைக்குக்கும் நல்லது, ஹெட்போன் போட்டிருப்பவர் காதுக்கும் நல்லது.

பராமரிப்பில் ஒரே எதிரி ஈரம். ஒரு மழைக்காலத்தில் வலது மைக்கில் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சன்னமான சத்தம் வர ஆரம்பித்தது. டயாஃப்ரத்துக்கும் பின்தட்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளிதான் இருக்கிறது. அங்கே ஈரம் படிந்தால் மின்னேற்றம் விட்டுவிட்டுக் கசியும், அதுதான் அந்தப் பொரியல். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு நாள் வைத்ததும் போய்விட்டது. அதிலிருந்து இரண்டுக்கும் அந்த டப்பாதான் வீடு. ஜெல் நிறம் மாறினால் சூடுகாட்டிக் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும்.

யாருக்கு இது தேவை? குரல் மட்டும் பதிவு செய்கிறவருக்கு வேண்டாம், நல்ல பெரிய டயாஃப்ரம் ஒன்று போதும். நிறைய வாத்தியங்கள் நெருக்கியடிக்கும் பாட்டில் கிடார் ஒரு ஓரமாக ஓடினால் அதற்கும் ஒற்றை மைக் போதும். தனி வாத்தியம், சின்னக் குழு, பியானோ என்று போகிறவர்கள் வேறு எதையும் வாங்கும் முன் ஒரு ஜோடி வாங்கலாம். கேப்ஸ்யூலைத் திருகிக் கழற்றி மாற்றும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள். அதில் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை ஒரே அளவில் எடுக்கும் ஆம்னி கேப்ஸ்யூல் ஜோடியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கிட்டே போனாலும் ஆம்னியில் கீழ் ஸ்வரம் ஊதாது, கைப்பட்ட சத்தமும் குறைவு. ஆனால் அறை நன்றாக இருக்க வேண்டும். என் அறை இப்போது ஓரளவு அடங்கியிருக்கிறது. ஆம்னி வாங்கியதும் முதலில் வீணைக்குத்தான் வைத்துப் பார்க்கப் போகிறேன்.