தங்கத்தைப் பிடிக்க எது தேவலை: சிரட்டைக் கரியா, துத்தநாகத் தூளா?

தாதுவை அரைத்துச் சயனைடில் தங்கத்தைக் கரைப்பது வரை எல்லா ஆலையிலும் ஒரே கதைதான். அப்புறம், கண்ணுக்கே தெரியாமல் கரைந்து கிடக்கும் தங்கத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்பதில்தான் போட்டி.

பழைய வழி மெரில்-குரோ முறை. துத்தநாகத் தூளைப் போட்டால் அது கரைந்து, தங்கம் உலோகமாகவே படிந்துவிடும், சட்டென்று வேலை முடியும். ஆனால் கரைசலில் துளிச் சேறு இருக்கக் கூடாது, கரைந்த ஆக்சிஜனையும் வெற்றிடக் கோபுரத்தில் உறிஞ்சி எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் துத்தநாகம் வீண். களிமண் கலந்த தாது என்றால் வடிகட்டுவதற்குள் உயிர் போய்விடும்.

கரியைச் சேற்றுக்குழம்பிலேயே நேராகப் போடலாம். மணி மணியாக இருப்பதால் சல்லடையில் நின்றுவிடும், சேறு ஓடிவிடும். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கம் 1973இல் பெரிய அளவில் இதைச் செய்து காட்டியது. வடிகட்டும் செலவு மிச்சமானதால்தான் கரி ஜெயித்தது என்பேன், வேதியியல் எல்லாம் அதற்கு அடுத்துதான்.

சரி, அந்த வேதியியல்? இங்கே தங்கம் உலோகமாக மாறுவதில்லை. தங்க சயனைடு அயனி, பெரும்பாலும் கால்சியத்தோடு ஜோடி சேர்ந்து, 2 நானோமீட்டருக்கும் குறைவான நுண்துளைகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. சிரட்டைக் கரியில் அந்த அளவுத் துளைகள் ஏராளம், மணியும் கெட்டி (பொடியானால் அந்தப் பொடி தங்கத்தோடு கழிவுக் குட்டைக்குப் போய்விடும், அதனால் இது சின்ன விஷயம் இல்லை). இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் சுடும் சிரட்டைக்கு வெளிநாட்டில் கிராக்கி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளிர்ந்த கரைசலில் நன்றாகப் பிடிக்கும், சூடேறினால் விட்டுவிடும். அதனால்தான் கொதிக்கக் கொதிக்கக் காஸ்டிக் சோடாவும் சயனைடும் விட்டுத் தங்கத்தைக் கழற்றுகிறார்கள். கவனிக்க வேண்டியது தாமிரம்: இரண்டு சயனைடு சேர்ந்த தாமிர அயனி கரியில் ஏறி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மூன்று சேர்ந்தால் அவ்வளவாக ஏறாது. ஆகவே சயனைடைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தால் கை சுடும்.

வெள்ளி அதிகமுள்ள தாதுவுக்கு யோசிக்கவே வேண்டாம், துத்தநாகம்தான். வெள்ளியே கரியை நிரப்பிவிடும்.

நெவாடாவின் கார்லின் பக்கத்துத் தாது சிலவற்றில் இயற்கையாகவே கரிமம் இருக்கிறது. கரைந்த தங்கத்தை அதுவே திருடிக்கொள்ளும். அங்கே கரைக்கும் தொட்டியிலேயே நம் கரியைப் போட்டு முந்திக்கொள்ளலாம், துத்தநாகத்தால் அது முடியாது. திருட்டு ரொம்ப மிஞ்சினால் நம் கரியும் தோற்கும், அப்போது தாதுவை வறுத்து அந்தக் கரிமத்தை எரித்துவிட்டுத்தான் சயனைடுக்கே போக வேண்டும்.