நாகர்கோவில் அம்பயர் பயிற்சி: பால்க் பாடம் தேறுமா?

நாகர்கோவிலில் நடக்கும் இரண்டு நாள் பேஸ்பால் அம்பயர் பயிற்சியில் பாதி நேரம் பால்க்குக்கே, அதாவது ரன்னரை ஏமாற்றும்படி பிட்சர் விதி மீறி அசைவதற்கே, போகிறது. போகத்தான் வேண்டும். வருபவர்கள் பெரும்பாலும் பள்ளி சாஃப்ட்பாலில் நின்று பழகிய உடற்கல்வி ஆசிரியர்கள். அங்கே பிட்சர் (பந்து எறிபவர்) பந்தை விடும்வரை ரன்னர் (ஓடக் காத்திருப்பவர்) தான் நிற்கும் பேஸைவிட்டு நகர முடியாது. அதனால் பிட்சர் திரும்பி எறிந்து ரன்னரைப் பிடிக்கும் ஆட்டமே கிடையாது. கண்ணும் பழகியிருக்காது.

கற்பிக்கும் விதம் அருமை. பிட்சர் கால் ஊன்றும் 24க்கு 6 அங்குல ரப்பர் பட்டையைச் சுற்றி ஈர மணல் பரப்பி, எறிந்ததும் சுவடு பார்க்கச் சொல்கிறார்கள். கால், பேட்டர் நிற்கும் ஹோம் பக்கம் விழுந்து கை மட்டும் முதல் பேஸுக்குப் போயிருந்தால் மணலே காட்டிக்கொடுக்கும். 45 டிகிரிக்குச் சுண்ணாம்புக் கோடும் உண்டு. ஆனால் அது அம்பயர்களின் கைக்கணக்கு, விதியில் இருப்பது 'எறியும் முன் பேஸை நோக்கி நேராகக் காலெடுத்து வை' என்பதுதான் என்று முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறார்கள். (ஆடிக் காற்றில் அந்தக் கோடு பத்து நிமிடம் தாங்காது. கயிறு கட்டலாம்.)

ஊன்றுகாலை ரப்பருக்குப் பின்னால் எடுத்துவிட்டால் பிட்சர் வெறும் ஃபீல்டர். எறிவதுபோல் ஏமாற்றவும் செய்யலாம். ஆனால் அவர் எறிந்த பந்து மைதானத்தைத் தாண்டினால் ரன்னருக்கு இரண்டு பேஸ். ரப்பரில் கால் இருக்கும்போது எறிந்தால் ஒன்றுதான். இந்த வித்தியாசத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பதியவைக்கிறார்கள்.

கை தூக்கி உடனே 'டைம்' என்று கத்தி ஆட்டத்தை நிறுத்தும் பழக்கத்தையும் ஒழிக்கிறார்கள். பிட்சரைச் சுட்டி 'பால்க்' என்று சொல்லிவிட்டு ஆட்டம் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். முதல் பேஸுக்கு எறிந்ததில் பால்க் என்றால், அங்கே நிற்கும் முதல் பேஸ்மேன் பந்தைப் பிடித்துவிட்டால் அப்போது டைம். ரன்னர் இரண்டாம் பேஸுக்கு. பந்து கைதவறி ஓடினால் அவர் தன் பொறுப்பில் மூன்றாம் பேஸுக்கும் ஓடலாம்.

குறைகள் இரண்டு. ரப்பரில் கால் இருக்கும்போதே மூன்றாம் பேஸுக்கு எறிவதுபோல் பாவனை செய்யலாம் என்று கையேட்டில் பழைய விதியே கிடக்கிறது. அமெரிக்காவின் மேஜர் லீக் 2013-லேயே அதை பால்க் ஆக்கிவிட்டது. இரண்டாவது, இடதுகை பிட்சர் பாடம். தூக்கிய கால் ரப்பரின் பின்விளிம்பைத் தாண்டிவிட்டால் முதல் பேஸுக்கு எறியக் கூடாது. ஹோமுக்குப் போட வேண்டும், அல்லது பிக்-ஆஃபாக (ரன்னரைப் பிடிக்க) இரண்டாம் பேஸுக்கு எறியலாம். அதிகம் தடுமாறும் இடமே இதுதான். அதற்குக் கடைசி நாள் அரை மணி நேரமும், செய்துகாட்ட ஒரு வலதுகைப் பையனும்! போகிறவர்கள் தங்கள் பள்ளியிலிருந்து ஓர் இடதுகைக்காரனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.