பிராக் போகிறவர்கள் பணம் மாற்றுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

பிராக் போகப் போகிறவர்கள் யாராவது இருந்தால், கையில் இருக்கும் யூரோ நோட்டை வெளியே எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். செக் குடியரசு 2004-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டாலும் யூரோவுக்கு மாறவில்லை, அங்கே கொருனாதான் செலாவணி. புதிதாக வருகிறவருக்கு 129 கொருனா என்றால் அதிகமா குறைவா என்று சட்டென்று பிடிபடாது. பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றி இருக்கும் பாதிக் கடைகள் அந்தத் தடுமாற்றத்தில்தான் பிழைக்கின்றன என்பது என் கருத்து.

நாங்கள் ஜெர்மனியில், டிரெஸ்டனில் இருக்கிறோம். அங்கிருந்து பிராக் ரயிலில் இரண்டரை மணி நேரம்தான், அதனால் ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பி ஊரைப் பார்த்து நாலு தின்பண்டம் தின்றுவிட்டு ராத்திரி திரும்பிவிடலாம் என்று திட்டம். நான், வீட்டுக்காரர், எங்கள் பெண் என்று மூன்று பேர். சதுக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு பணம் மாற்றும் கடை. வாசலில் ஆள் உயரத்துக்கு ‘கமிஷன் இல்லை’ என்று எழுதியிருக்கிறது. 200 யூரோ கொடுத்தோம், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் 3,300 கொருனாவை எண்ணி வைத்து, ரசீதை மடித்து அதன்மேல் வைத்துத் தள்ளினார். கமிஷன் உண்மையிலேயே இல்லை. ஒரு யூரோவுக்கு 16.50 என்று விகிதம் போட்டால் கமிஷன் எதற்கு? அந்த விகிதமும் எழுதித்தான் இருந்தது, கண்ணாடிக்கு உள்பக்கம், நோட்டு எண்ணும் மெஷினுக்குப் பின்னால், எறும்பு எழுத்தில்.

விஷயம் வெளியே வந்தது ஒரு தின்பண்டத்தால். சதுக்கத்தில் அந்த வானியல் கடிகாரம் இருக்கிறதே, 1410-இல் செய்தது, அது மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மேலே ஜன்னலில் அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து போவார்கள், கடைசியில் சேவல் கூவும், எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். (அந்த ஒரு நிமிஷம் எல்லோரும் தலையைத் தூக்கி, போனையும் தூக்கி நிற்பார்கள். பிக்பாக்கெட்காரர்களுக்கு அதுதான் முகூர்த்த நேரம், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.) அது முடிந்ததும் பெண் டர்டெல்னிக் கேட்டாள். மாவைக் கட்டையில் சுற்றி நெருப்பில் வாட்டி, சர்க்கரையில் புரட்டி, குழாய் மாதிரி கழற்றி உள்ளே ஐஸ்கிரீம் நிரப்பித் தருவார்கள். 180 கொருனா, கார்டில் கட்டினோம். உடனே வங்கியிலிருந்து வீட்டுக்காரர் போனுக்கு மெசேஜ், 7.20 யூரோ என்று. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, நாம மாத்தின கணக்குல பார்த்தா இது பதினொரு யூரோ வரணுமே” என்றார். அப்போதுதான் ரசீதை விரித்துப் பார்த்தோம். வங்கி ஒரு யூரோவுக்கு 25 கொருனா போட்டிருந்தது. 5,000 வந்திருக்க வேண்டிய இடத்தில் 3,300. கிட்டத்தட்ட 68 யூரோ, கடிகாரம் பார்ப்பதற்கு முன்னாலேயே காலி.

பிராகில் படிக்கிற தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், அவனுக்குப் போன் போட்டோம். “அக்கா, எத்தனை மணிக்கு மாத்தினீங்க? மூணு மணி நேரம் ஆகலைன்னா ரசீதோட உடனே அங்கயே போங்க” என்றான். இதுதான் இந்தப் பதிவில் முக்கியமான விஷயம், மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 2019 ஏப்ரல் 1 முதல் அங்கே சட்டம் இருக்கிறது: பணம் மாற்றும் கடையில் 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றியிருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய், காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். வாங்கிய கொருனாவைக் கொடுத்தால் உங்கள் யூரோவைத் திருப்பித் தரவேண்டும். இந்தக் கடைகளைக் கண்காணிப்பது செக் தேசிய வங்கி.

திரும்பிப் போனோம். அதே அம்மாள். முதலில் ஆங்கிலம் புரியவில்லை என்றார், காலையில் நன்றாகத்தான் புரிந்தது. அப்புறம் முடியாது, கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது என்றார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு ஸ்பானியக் குடும்பத்திடம் வீட்டுக்காரர் சத்தமாக “இங்கே மாற்றாதீர்கள், பதினாறரைதான் தருகிறார்கள்” என்றார், அவர்கள் அப்படியே திரும்பி நடந்தார்கள். நான் ரசீதில் இருந்த நேரத்தைக் காட்டி, தேசிய வங்கிக்குப் புகார் எழுதுகிறேன், போலீசையும் கூப்பிடுகிறேன் என்றேன். இழுவையாக இழுத்து, யாருக்கோ போன் பேசி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 200 யூரோவைத் தள்ளினார். எல்லாக் கொருனாவும் செலவாகாமல் பையில் இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. ரசீதைத் தூக்கி எறிந்திருந்தால் அவ்வளவுதான்.

கடைக்கு வெளியே ஓர் ஆள் வந்து, நல்ல விகிதத்தில் நான் மாற்றித் தருகிறேன் என்று காதோரம் சொன்னார். இந்த ஆட்களிடம் நிற்கவே நிற்காதீர்கள். இவர்கள் தருவது பெரும்பாலும் கொருனாவே இல்லை, பல்கேரியாவின் செல்லாத பழைய நோட்டு மாதிரி ஏதாவது இருக்கும், அவருக்கு ரசீதும் கிடையாது, மூன்று மணி நேரமும் கிடையாது.

இவ்வளவு ஆன பிறகும் மத்தியானம் இன்னொன்று காத்திருந்தது. சதுக்கத்திலேயே, முழுப் பன்றித் தொடையைக் கம்பியில் கோத்து விறகு நெருப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் கடை. வாசனை ஆளை இழுக்கும், அதில் குறை சொல்ல முடியாது. பலகையில் பெரிய எழுத்தில் 129. அதன் கீழே, கிட்டப் போய்க் குனிந்தால் மட்டும் தெரிகிற மாதிரி, 100 கிராம். வீட்டுக்காரர் ஒரு தட்டு, கொஞ்சம் போதும் என்று கையால் காட்டியும் சொன்னார். கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே ஒரு பாளத்தை வெட்டித் தராசில் போட்டு, தட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் விலையைச் சொன்னார்: 619. தராசு 480 கிராம் காட்டியது. குறையுங்கள் என்றால், வெட்டியாகிவிட்டது, திரும்ப வைக்க முடியாது என்கிறார். ரொட்டிக்குத் தனிக் காசு. காகிதத் தட்டில், நின்றுகொண்டு தின்கிற ஒரு தட்டுக் கறிக்கு 25 யூரோ! இதற்கு ரத்து கித்து எதுவும் கிடையாது. வெட்டுவதற்கு முன்னாலேயே 150 கிராம், இத்தனை கொருனா என்று போனில் தட்டிக் காட்டுங்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் நகர்ந்துவிடுங்கள். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் தட்டுகளையும் இப்படியே எடைக்கு விற்கிறார்கள், அதனால் சைவக்காரர்களும் தப்பவில்லை.

டர்டெல்னிக் கடைகள் எல்லாவற்றிலும் ‘பழைய பொஹீமிய பாரம்பரியம்’ என்று போட்டிருப்பார்கள். ஆனால் ‘ஸ்காலிட்சா டர்டெல்னிக்’ என்று தன் ஊர்ப் பெயரிலேயே 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு வாங்கி வைத்திருப்பது ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ஸ்காலிட்சா என்ற ஊர். ருசி மோசமில்லை, குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஆனால் செக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் சதுக்கத்தை விட்டு நாலு தெரு தள்ளி ஏதாவது ஒரு இனிப்புக் கடைக்குப் போங்கள். கேரமல் பூசி உள்ளே க்ரீம் வைத்த வெட்ர்னிக், தேன் கேக்கான மெடோவ்னிக் இரண்டையும், காபியோடு சேர்த்து, அந்த ஒரு குழாய்க்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கொடுத்து, உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்றைக்கு நிம்மதியாகத் தின்றது அது ஒன்றுதான்.

சாப்பாட்டுக் கடையில் கேட்காமலே ரொட்டிக் கூடையைக் கொண்டுவந்து வைத்தால் அது இலவசம் இல்லை, வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கார்டு மெஷின் யூரோவா கொருனாவா என்று கேட்டால் எப்போதும் கொருனா. யூரோவை அமுக்கினால் மெஷின்காரர் தன் விகிதத்தைப் போட்டுக்கொள்வார். தெருமுனையில் தனியாக நிற்கும் ஏடிஎம்களும் இதே கேள்வியைத்தான் கேட்கும், அங்கேயும் மாற்ற வேண்டாம் என்பதையே தேர்ந்தெடுங்கள், அதைவிட நிஜ வங்கியின் வாசலில் இருக்கும் ஏடிஎம் மேல். டிராமுக்கு ரொக்கமே வேண்டாம், வண்டிக்குள்ளேயே கார்டைத் தட்டி டிக்கெட் எடுத்துவிடலாம். உண்மையில் அன்றைக்கு முழுவதும் எங்களுக்கு ரொக்கம் தேவைப்பட்ட இடம் ஒரு கழிப்பறைதான்.

ஊரைப் பற்றிக் குறை இல்லை. நான்காம் சார்லஸ் 1357-இல் அடிக்கல் நாட்டிய பாலத்தில் நடப்பதற்கோ, கோட்டை முற்றத்தில் சுற்றுவதற்கோ ஒரு காசு வாங்குவதில்லை. பாலத்துக்குச் சாயங்காலம் போகாமல் விடியற்காலையில் போக முடிந்தால் போங்கள், நாங்கள் போன நேரத்தில் சிலைகளைவிடக் குடைகள்தான் அதிகம் தெரிந்தன.

பணம் மாற்றும் கடையைப் பற்றி ரசீதின் நகலோடு செக் தேசிய வங்கிக்கும், எடை விஷயத்தை அங்கே இருக்கும் வணிக ஆய்வுத் துறைக்கும் எழுதிப் போட்டிருக்கிறோம். கறிக்கடையில் ரசீது கேட்டபோது மெஷின் ரிப்பேர் என்றார்கள், வங்கி மெசேஜை மட்டும்தான் இணைக்க முடிந்தது. பதில் ஏதாவது வந்தால் இதன் கீழேயே சேர்க்கிறேன்.