ஒடிந்த இறகு: ஒட்டுவதா, காத்திருப்பதா?

தென்னாப்பிரிக்காவில் வேலியில் சிக்கி மீட்கப்படும் மார்ஷியல் கழுகு என்ற பெரிய கழுகுக்குக் காயம் ஆறினாலும், இறகுகள் ஒடிந்திருந்தால் பறக்க முடியாது. அப்புறம் இரண்டே வழி: வேறொரு கழுகின் இறகை ஒடிந்த தண்டில் ஒட்டுவது, இல்லையென்றால் புது இறகு முளைக்கும்வரை காத்திருப்பது.

நேரம்: ஒட்டினால் சில மணி நேரம். தானாக உதிர்ந்து முளைக்க விட்டால், இவ்வளவு பெரிய கழுகுக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகும்.

செலவு: ஒட்ட மயக்க மருந்து, பசை, தண்டின் துளைக்குள் செருக மூங்கில் சீவல் போதும். அதே இனத்தின், அதே இடத்து இறகு கிடைப்பதுதான் தலைவலி. காத்திருந்தால் தினமும் இறைச்சி.

ஆபத்து: கூண்டு வாசம் நீண்டால் உள்ளங்காலில் புண் வரும். ஒட்டிய இறகோ அடுத்த உதிர்வில் தானே விழுந்துவிடும்.

தண்டு மட்டும் ஒடிந்ததா? ஒட்டுங்கள். மின்சாரம் தாக்கி இறகின் வேரே கருகியிருந்தால் ஒட்ட இடமில்லை. காத்திருந்து பார்க்க வேண்டியதுதான்.