பாதி பிரித்த பத்மினி: முடிப்பதா, தள்ளிவிடுவதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதி பிரித்துப் போட்டிருந்த பத்மினி காரை நான் விற்றுவிட்டேன். போன கார்த்திகையில் ரெக்கவரி வண்டியில் ஏற்றி, கூடவே ஆறு கோணிச் சாமானையும் ஒரு பிஸ்கட் டின்னையும் தூக்கிக் கொடுத்தாயிற்று. அதனால் இது நடுநிலையான அலசல் என்று யாரும் நம்ப வேண்டாம். ஆனால் விற்பதற்கு முன்னால் ஆறு வருஷம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடியவன் என்பதால் இரண்டு கணக்கும் எனக்கு மனப்பாடம்.

வண்டி 1979 மாடல் பிரீமியர் பத்மினி, பெரியப்பாவுடையது. அவர் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருந்தார். சீசன் முழுக்க டிக்கியில் செந்தூரா வாசனை அடிக்கும், ஐப்பசி மழை வரைக்கும் போகாது. 1089 சி.சி. இன்ஜின், ஸ்டீயரிங்குக்குக் கீழே கியர் கம்பி, முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தால் மூன்று பேர். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் பெட்ரோல் பம்ப் சூடேறி நின்றுவிடும். பெரியப்பா துண்டை நனைத்து பம்ப் மேல் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போடுவார், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும்.

2016-ல் அவர் போனார். 2018-ல் பெரியம்மாவிடம் கையெழுத்து வாங்கி ஆர்.சி.யை என் பேருக்கு மாற்றினேன். 2019-ல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய வருஷம். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டப் போகும் முன்னால் டிரைவர் காலடியில் இருந்த ஒரு ஓட்டையை மட்டும் அடைத்துவிடலாம் என்று ஷெட்டில் விட்டேன், அவ்வளவுதான் நான் செய்த தப்பு. டிங்கர் வேலை செய்பவர் கால்மிதியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார், டங் டங் என்று கேட்ட சத்தம் ஓரிடத்தில் டப் என்று மாறியது, திருப்பிப் பிடித்துக் குத்தினார், முழு ஸ்க்ரூ டிரைவரும் உள்ளே போய்க் கீழே மண் தெரிந்தது. பத்மினிக்கு லாரி மாதிரித் தனிச் சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, தகரமே எலும்பு. தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரமும் துருப்பிடித்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியே நடுவில் தொங்க ஆரம்பிக்கும். சரி, சீட்டை எடு, அதற்குக் கதவை எடு, கதவை எடுத்தபின் வயரிங் எலி கடித்திருக்கிறது, அப்படியே இன்ஜினும் இறங்கியது. ஒரு ஓட்டைக்காக மொத்த வண்டியும் கோணிக்குள் போன கதை இது.

முடிப்பது, விற்பது இரண்டையும் காசில் வைத்துப் பார்ப்பது சுலபமான வேலை, சீக்கிரம் முடித்துவிடலாம். நிறுத்தும் வரை எனக்கு 1,30,000 ஆகியிருந்தது. இன்ஜினில் போர், பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை எல்லாம் சேர்த்து 38,000. தரையும் பெட்டித் தகரமும் 55,000. மீதி கிங் பின், கியர் பாக்ஸ், பெங்களூர் போய்வந்த செலவு. பாக்கி வேலைக்கு, அதாவது மீதி டிங்கரிங், பெயிண்ட், வயரிங், சீட் தையல், கண்ணாடி ரப்பர், குரோம், பிரேக், டயர் எல்லாவற்றுக்கும் ஷெட்டில் சொன்னது 2,25,000. முடித்த வண்டிக்கு நான் விசாரித்தவரை மூன்று லட்சம் வந்தால் பெரிய விஷயம். நிறையப் பேர் 1,30,000-ஐயும் கூட்டிக்கொண்டு அழுகிறார்கள். அந்தப் பணம் எப்படியும் போனதுதான், முடித்தாலும் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. இன்றைக்கு நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், 2,25,000 போட்டு மூன்று லட்சம் எடுத்தால் கையில் 75,000. முடிக்காமல் விற்றபோது எனக்குக் கிடைத்தது 95,000, விற்பதற்காகச் செய்த 12,000 செலவு போக 83,000. வித்தியாசம் எட்டாயிரம். பெரியப்பா வண்டிக்காக எட்டாயிரம் இழக்க மாட்டேனா? இழப்பேன். ஆகவே காசு இதைத் தீர்மானிக்கவில்லை.

பேப்பர் விஷயமும் அதே மாதிரி. சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம், அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் 20 வருஷம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணமே 10,000. கசப்புதான், ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. ஐம்பது வயதானால் வின்டேஜ் பதிவு கிடைக்குமே, 2029 வரை பொறு என்று சொன்னவர்களும் உண்டு. 2021-ல் வந்த அந்த விதியைப் படித்துப் பார்த்தால், கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் ரோட்டில் இறக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. ராயக்கோட்டைக்குக் கல்யாணத்துக்கு எடுத்துப் போக ஆசைப்படுகிறவனுக்கு அது எதற்கு?

என்னைத் திருப்பியது வேறு. இன்ஜின் வேலை பார்த்த பாய்க்கு 67 வயது, பத்மினி இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டார், "வண்டியைக் கட்டறது பெரிய விஷயமில்ல தம்பி. கட்டினதுக்கு அப்புறம் யார் ஓட்டப் போறது?" நான்தான் பாய் என்றேன். "நீங்க ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் போறீங்க. வாரம் ஒரு நாள் லீவு. அன்னைக்கு தூங்குவீங்களா, வண்டியைக் கிளப்புவீங்களா?" அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அப்புறம்தான் தர்மபுரிப் பங்காளி வீட்டு அம்பாசிடரைப் பற்றி யோசித்தேன்.

அவர் 1984 அம்பாசிடரை முழுசாக முடித்தவர். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. முதல் வருஷம் ஒகேனக்கல்லுக்கு மூன்று முறை போனார், மீன் வறுவலோடு போட்டோ எல்லாம் அனுப்பினார். இரண்டாம் வருஷம் கோயிலுக்கு மட்டும். மூன்றாம் வருஷம் வீட்டு முன்னால் தார்ப்பாய்க்கு அடியில். ஆடியில் காற்று அடிக்கும்போது அந்தத் தார்ப்பாய் புது பெயிண்டில் உரசி உரசி பானெட் முழுக்க மங்கிவிட்டது. பெயிண்டுக்கு மட்டும் எண்பதாயிரம் போட்டவர். ஒரு நாள் நான் போயிருந்தபோது கிளப்பலாம் என்றார், பேட்டரி இறங்கியிருந்தது, வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தோம், இன்ஜின் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாக ஒரு படிவு, நம் ஊர் போர் தண்ணீர் நிற்கும் தொட்டி ஓரத்தில் உப்புப் படியுமே, அந்த மாதிரி. பெட்ரோல் ஓஸ் உப்பி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது.

இது அவர் குற்றமில்லை. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், பழைய காலத்து ரப்பரையும் வாஷரையும் கெடுக்கும். தினம் ஓடுகிற வண்டியில் பெட்ரோல் வந்து வந்து போய்விடும், தேங்காது. நிற்கும் வண்டியில்தான் அது உட்கார்ந்து வேலையைக் காட்டும். பிரேக்கும் அப்படியே. பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும், ஓடாமல் நின்றால் வீல் சிலிண்டருக்குள் துரு ஏறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை பென்னாகரம் ரோட்டில் அவருக்குப் பெடல் தரை வரை போய்விட்டது, நல்லவேளை எதிரில் யாரும் இல்லை, கைபிரேக்கை இழுத்து நிறுத்தினாராம். முடித்து மூன்று வருஷமான வண்டி அது. ஓடிய தூரம் 1,100 கிலோமீட்டர்.

நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், எங்கள் எல்லோருடைய கணக்கும் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரும் நாளோடு முடிந்துவிடுகிறது. பிரித்துப் போட்ட வண்டி கோணியில் கிடக்கும், தகரம் கொஞ்சம் துருப்பிடிக்கும், வேறு எதுவும் கேட்காது. முடித்த வண்டி அப்படி இல்லை, கறவை மாடு மாதிரி, தினம் பார்க்க ஆள் வேண்டும். வாரம் ஒரு முறை இருபது கிலோமீட்டராவது ஓட்டணும். வெயிலும் மழையும் படாத இடம் வேண்டும், எலி நுழையாத இடம் வேண்டும். எனக்கு இருப்பது மாந்தோப்பு மோட்டார் ரூம், அங்கே எலிக்குப் பஞ்சமா? இன்சூரன்ஸ், பேட்டரி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ரப்பர் செட்டு, ஓஸ், வருஷா வருஷம் கார்புரேட்டர் சுத்தம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷம் பதினைந்து இருபதாயிரம் என்று போட்டேன், பாய் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள் என்றார்.

காசைக்கூட விடுங்கள், ஆள்? பாய்க்குப் பிறகு யார்? அவர் மகன் பக்கத்திலேயே ஷெட் வைத்திருக்கிறார், ஸ்கேனர் வைத்துப் பார்க்கும் வண்டி மட்டும்தான் தொடுவார். இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளாட்டினம் பாயின்டில் தாளை வைத்து இடைவெளி பார்க்கத் தெரிந்த கை கிருஷ்ணகிரியில் இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்? பாகமும் அப்படித்தான். இன்றைக்குப் பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகரிலும், கோவை உக்கடத்திலும் தேடினால் கிடைக்கிறது. ஆனால் பத்மினிக்குப் பாகம் செய்தவர்களுக்குச் சோறு போட்டது மும்பை டாக்சிதான். 2023 அக்டோபரோடு அந்த டாக்சிகளும் ரோட்டை விட்டுப் போய்விட்டன. இனிமேல் நம்மைப் போல ஊருக்கு ஒருவன் வாங்கும் வீல் சிலிண்டருக்காக யார் பாகம் செய்யும் அச்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்?

இதையெல்லாம் மீறி முடிக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். கதவு மூடுகிற கொட்டகை இருந்து, வண்டியை மளிகைக்கும் மார்க்கெட்டுக்கும் எடுத்துப் போகிற பழக்கம் இருந்து, ஸ்பேனரைத் தானே பிடிக்கத் தெரிந்தால் தாராளமாக முடியுங்கள், என் பேச்சைக் கேட்காதீர்கள். பர்கூரில் ஒருவர் பத்மினியில்தான் தினமும் ஜவுளிக் கடைக்குப் போகிறார், வண்டி கடிகாரம் மாதிரி ஓடுகிறது, காரணம் அது நிற்பதே இல்லை. டிங்கரிங்கும் பெயிண்டும் முடிந்து மாட்டுவது மட்டும் பாக்கி என்றாலும் முடித்துவிடலாம், அந்தக் கட்டத்தில் விற்பது பைத்தியக்காரத்தனம். சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர் கணக்கு வேறாக இருக்கலாம், அதற்குத் தனிச் சேஸ் உண்டு, ஆனால் நான் ஹெரால்டில் கை வைத்ததில்லை, அதனால் அதற்கு என் கணக்கைப் பொருத்த வேண்டாம்.

விற்பது என்று முடிவானால், அப்படியே விற்காதீர்கள். இதில் மட்டும் நான் அடித்துச் சொல்வேன். முதலில் வந்தவர் தகரமும் கோணியுமாகக் கிடந்ததைப் பார்த்து 28,000 என்றார், எடைக்குக் கேட்கிறார் என்று அப்புறம்தான் உறைத்தது. அடுத்தவர் நாற்பது. அதற்குப் பிறகு பாயிடம் போய், வண்டி மாதிரித் தெரியணும், இன்ஜின் சத்தம் கேட்கணும், அது போதும் என்றேன். இன்ஜினை உட்கார வைத்து, நான்கு கதவையும் சும்மா தொங்கவிட்டு, பழைய 5.20-14 டயரில் காற்றடித்து, பெட்ரோலை பாட்டிலில் தொங்கவிட்டு ஓஸ் கொடுத்தார். மொத்தம் 12,000 ஆனது. மூன்றாவதாக வந்தவர் முன்னால் ஒரே திருப்பில் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்குக் கிடைத்த காசுதான் 95,000. பிரித்த வண்டியை வாங்குபவன் அதில் எது குறைகிறது என்று பயப்படுகிறான், நிற்கும் வண்டியில் அந்தப் பயம் பாதி போய்விடுகிறது. கோணிக்குக் கோணி நம்பர் போட்டு, எதில் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதிக் கொடுத்ததும் உதவியது. இன்னொன்று, தகர வேலை நடக்கும்போது சேஸ் நம்பர் இருக்கும் இடத்தில் வெல்டிங்கோ பட்டியோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்க வந்தவர் முதலில் தேடியது அதைத்தான், பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு சங்கடத்தையும் மறைக்கக் கூடாது. ஆர்.சி. காலாவதியானதால் அவர் முடித்து, வண்டியைக் காட்டிப் புதுப்பித்த பிறகுதான் பேர் மாறும். அது வரை காகிதத்தில் நான்தான் சொந்தக்காரன். பேர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் பாரங்களில் கையெழுத்துப் போட்டு, தேதி நேரத்தோடு பத்திரத் தாளில் எழுதி, அவருடைய ஆதார் நகலும் வாங்கி வைத்திருக்கிறேன். இது முழுப் பாதுகாப்பா என்றால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. 2019-லேயே புதுப்பித்துவிட்டுப் பிரித்திருந்தால் இந்தக் குடைச்சல் இருந்திருக்காது.

வாங்கியவர் சேலத்துக்காரர், ரிட்டயர் ஆனவர், வீட்டோடு கார் ஷெட். பதினைந்து நாளைக்கு ஒருமுறை போன் செய்கிறார். போன வாரம், "தம்பி, பின் கதவு கண்ணாடி ஏத்தற கைப்பிடி ஒண்ணு மட்டும் காணோமே" என்றார். பிஸ்கட் டின்னில் பாருங்கள் சார், அடியில், வெற்றிலைப் பெட்டி மூடியோடு சேர்ந்து கிடக்கும் என்றேன். கிடைத்துவிட்டதாம். மூடியை என்ன செய்வது என்று கேட்டார்.