மைலார் என்று விற்கப்பட்ட பொலித்தீன்: நிலைமின் ஒலிபெருக்கி செய்வோர் கவனத்துக்கு

துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய படலம் ஒன்று வயலினையும் மனிதக் குரலையும் எவ்வளவு தெளிவாகத் தரும் என்பதை, 1957இல் வெளிவந்த பீற்றர் வோக்கரின் குவாட் நிலைமின் ஒலிபெருக்கியைப் பற்றி வாசித்த நாளிலிருந்து, என் காதாலேயே கேட்க விரும்பினேன். தகடுகளை யாழ்ப்பாணத்திலேயே வெட்டுவித்தேன். மைலார் எனப்படும் பொலியெஸ்ரர் படலத்துக்கும் அதை மின்னேற்றும் உயரழுத்த மின்வழங்கிக்கும் கொழும்பு விற்பனையாளர் ஒருவரின் விளம்பரத்தை நம்பி, பற்றுச்சீட்டுக் கூடக் கேளாமல், 42,000 ரூபாவை முற்கூட்டியே வங்கியில் வைப்பிலிட்டேன்.

வந்த சுருளின் மேல் ‘மைலார், 6 மைக்ரோன்’ என்று ஒட்டியிருந்தது. சட்டத்தில் ஒட்டிச் சுடுகாற்றைக் காட்டினால் மைலார் சுருங்கி மத்தளத் தோல்போல விறைக்க வேண்டும். இதுவோ தொய்ந்து, ஒரு மூலையில் உருகி ஓட்டையானது. சூட்டைக் கூட்டிவிட்டேன் என்று நினைத்து, அடுத்த துண்டைச் சூடு காட்டாமல் கையால் இழுத்து ஒட்டினேன். மூன்று நாட்களில் அதன் இழுவை தளர்ந்தது. மின்னேற்றியதும் படலம் 2 மில்லிமீற்றர் இடைவெளியைக் கடந்து ஒரு தகட்டோடு ஒட்டிக்கொண்டு, ஒலியே எழுப்பாமல் நின்றது.

சந்தேகம் வந்த பிறகுதான் ஒரு சதுர மீற்றர் துண்டை வெட்டி, கஸ்தூரியார் வீதியில் நகை வேலை செய்யும் உறவினரின் தராசில் வைத்தேன். 6 மைக்ரோன் மைலார் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 8.3 கிராம் நிறுக்கும். அதாவது 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள காற்றுப் படை ஒன்றின் நிறைதான், இந்த ஒலிபெருக்கியின் தெளிவுக்கே அந்த இலேசுதான் காரணம். என் துண்டு 23 கிராம் நிறுத்தது. வீட்டுக்கு வந்து ஒரு சிறு துண்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குமிழிகளை விரலால் வழித்துவிட்டுப் பார்த்தேன். மைலார் தாழும், இது மேலே வந்து மிதந்தது. ஆக, பொதி சுற்றப் பயன்படும் 25 மைக்ரோன் பொலித்தீனுக்குத்தான் நான் காசு கொடுத்திருந்தேன்.

“அண்ணை, எல்லாரும் இதைத்தான் வாங்கினம், நீங்கள் சூடாக்கிப் பழுதாக்கிப்போட்டியள்” என்றார் விற்பனையாளர். தராசின் படத்தை அனுப்பிய பின் அவர் என் அழைப்பை எடுக்கவேயில்லை.

பணம் போனதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மின்வழங்கியைத் திறந்து பார்த்தபோது என் கை நடுங்கியது. 230 வோல்ற் வீட்டு மின்சாரத்தை, சுற்றை அதிலிருந்து பிரித்து வைக்கும் நிலைமாற்றி எதுவுமின்றி, படிக்குப் படி வோல்ற்றைக் கூட்டும் நான்கு படி ஏணிச்சுற்றுக்கு நேரடியாகக் கொடுத்து 2,600 வோல்ற் வரை உயர்த்தியிருந்தார்கள். அந்தச் சுற்றில் மின்னேற்றத்தைச் சேமிக்கும் கொள்ளளவிகளில் முதலாவது தவிர்ந்த ஒவ்வொன்றும் 650 வோல்ற்றைத் தாங்க வேண்டியிருக்க, போட்டிருந்தவை அனைத்தும் 400 வோல்ற்றுக்கு உரியவை. வெளிவரும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தப் பல மெகாஓம் தடையி ஒன்று இருந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. இதை நான் இரண்டு மாலைகள் இயக்கியிருக்கிறேன், பத்து வயது மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டியில், இரண்டு சிவப்பு வயர்களோடு, பெயரோ இலக்கமோ இல்லாத இத்தகைய மின்வழங்கி உங்களிடம் இருந்தால், இன்றைக்கே செருகியைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய பிறகும் கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகவே பெட்டியை நீங்களாகத் திறவாமல், உயரழுத்தச் சுற்றுகளில் பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுங்கள்.