41 வயதில் மிருதங்க வகுப்பு

மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் மிருதங்க வகுப்புக்கு நான்கு மாதமாகப் போகிறேன். மாதம் 1,500 ரூபாய், வாரம் இரண்டு நாள்.

முதல் மூன்று வாரம் சார் வாத்தியத்தைத் தொடவே விடவில்லை. கையில் ஆதி தாளம் மட்டும்தான்: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மொத்தம் 8 எண்ணிக்கை. கை போட்டுக்கொண்டே ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் 'தகதிமி' சொல்ல வேண்டும். அது பழகியதும் 'தகிட'. கையின் வேகம் மாறக்கூடாது. நான்கு எழுத்து இருந்த இடத்தில் மூன்றைச் சமமாக நிரப்ப வேண்டும். அங்கேதான் எனக்கு இரண்டு வாரம் போனது. சார் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. "மெதுவா சொல்லுங்க, கை தானா வரும்" என்பார். வந்தது!

பிறகுதான் வாத்தியத்தில் அடிப்படை அடிகளான 'த, தி, தொம், நம்'. 'நம்' எளிதல்ல. மோதிர விரல் கரணையின் (வலப்பக்கத் தோலின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) ஓரத்தில் லேசாகப் பட்டிருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் அடிக்க வேண்டும். அழுத்தினால் நாதம் செத்துவிடும். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத்தில், ரவையைக் குழைத்து ஒட்டியதும் ஒலி கனத்து இறங்குவதை முதலில் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது.

குறை ஒன்று உண்டு. சனிக்கிழமை ஒன்பது பேருக்கு மூன்று மிருதங்கம்தான், காத்திருக்க வேண்டும். புதன் மாலை கூட்டம் குறைவு. சேருகிறவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள்.